ஆள் வருமுன் ஓடி, ஆள் போகுமுன் நிற்கும் ஏசி

ஆள் இருந்தால் ஏசி ஓடட்டும், இல்லாவிட்டால் நிற்கட்டும். சொல்வதற்கு இவ்வளவுதான். வீட்டுப் படுக்கையறைக்கு இது போதும்; ரிமோட்டும் நம் கையில், ஆளும் நாமே. சென்னை ஓஎம்ஆரில் ஓர் எட்டு மாடி அலுவலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாடிக்கு மாடி வரிசையாக மேசைகள், ஓரமாக ஆறேழு மீட்டிங் ரூம்கள், ஒரு பயிற்சிக் கூடம், ஒரு கேன்டீன். செவ்வாயும் புதனும் நாற்காலி கிடைக்காது. வெள்ளிக்கிழமை பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பார்கள். ஏசி மட்டும் எல்லா நாளும் காலை எட்டுக்குத் தொடங்கி இரவு ஒன்பதுக்கு நிற்கும். கட்டடம் திறந்தபோது யாரோ போட்டுவைத்த நேரம் அது; அதற்குப் பிறகு அதை யாரும் தொட்டதில்லை.

தொடாமல் இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. பெரிய கட்டடத்தில் ஏசி என்பது ஒரே பெட்டி கிடையாது. மொட்டை மாடியிலோ அடித்தளத்திலோ இருக்கும் சில்லர், தண்ணீரை 7 டிகிரி அளவுக்குக் குளிர்விக்கிறது. பம்புகள் அந்தத் தண்ணீரை மாடிதோறும் உள்ள ஏஹெச்யூ அறைக்கு, அதாவது காற்றைக் கையாளும் இயந்திரம் இருக்கும் அறைக்கு, அனுப்புகின்றன. அங்கே குளிர்ந்த குழாய்ச் சுருள்களின் ஊடே ஒரு பெரிய விசிறி காற்றைத் தள்ள, அது டக்ட் வழியாக அறைகளுக்குப் போகிறது. எந்த அறைக்கு எவ்வளவு காற்று என்பதை டேம்பர் என்னும் மடல் திறந்து மூடித் தீர்மானிக்கிறது. வெளியிலிருந்து புதுக்காற்றை எடுக்க இன்னொரு டேம்பர். ஆக, ‘ஏசியை நிறுத்து’ என்று சொன்னால் எதை நிறுத்துவது? சில்லரையா, விசிறியையா, அறை மடலையா, புதுக்காற்றையா? நான்குக்கும் தனித்தனி நேரம் வைக்கலாம், வைக்கவும் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பொத்தானில் கட்டிவைத்திருப்பதில்தான் பாதி வீண்செலவு ஒளிந்திருக்கிறது.

அடுத்த சிக்கல் வேகம். ஒரு மீட்டிங் ரூமுக்குள் இருபது பேர் இரண்டே நிமிடத்தில் நுழைந்துவிடுவார்கள். அறை அந்த வேகத்தில் குளிராது. ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி குளிர்விக்க 1.2 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்றினால் போதும். அதே ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு 2,000 கிலோஜூலுக்கு மேல் வேண்டும். அதனால்தான் ஏசி போட்ட பத்தாவது நிமிடம் சுவரில் மாட்டிய தெர்மோஸ்டாட் 24 என்று காட்டினாலும் உள்ளே இருப்பவருக்குப் புழுக்கமாகவே இருக்கிறது. காற்று குளிர்ந்துவிட்டது, சுவரும் கூரையும் மேசையும் இன்னும் வெப்பத்தை வீசிக்கொண்டிருக்கின்றன. பத்து மணிக் கூட்டத்துக்கு பத்து ஐந்துக்கு போன் வரும்: “அண்ணே, போர்டு ரூம்ல ஏசி வேலை செய்யல, வந்து பாருங்க.” ஏசி வேலைதான் செய்துகொண்டிருக்கிறது. அது தாமதமாகத் தொடங்கியது, அவ்வளவே. ஆபரேட்டரோ மறுநாளிலிருந்து வம்பு வேண்டாமென்று எட்டு மணிக்கே போட்டுவைப்பார். யார் குறை சொல்ல முடியும்? கரண்ட் பில் அதிகமானதற்காக அவரை யாரும் கூப்பிட்டுத் திட்டுவதில்லை. போர்டு ரூம் புழுங்கினால் திட்டுவார்கள்.

தொடங்கும் நேரம் எல்லா நாளும் ஒன்றாக இருக்க முடியாது. சனி, ஞாயிறு முழுக்க நிறுத்திவைத்த கட்டடத்தில், வெயில் குடித்த மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள தளம் திங்கட்கிழமை வழிக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அதே தளத்துக்குப் புதன்கிழமை அரை மணி நேரமே போதுமானதாக இருக்கும். மழை நாளில் அதிலும் குறைவு. இன்றைய கட்டட மேலாண்மைக் கணினிகளில், அதாவது பிஎம்எஸ்ஸில், இதைக் கணக்குப் போடும் வசதி பெரும்பாலும் இருக்கிறது. உள்ளே இப்போது எவ்வளவு சூடு, வெளியே எவ்வளவு, முந்தைய நாள்களில் அறை எவ்வளவு வேகமாகக் குளிர்ந்தது என்ற மூன்றையும் வைத்து, எத்தனை மணிக்குத் தொடங்கினால் ஒன்பதரைக்குச் சரியாக இருக்கும் என்று அதுவே பின்னோக்கிக் கணக்கிடும். நாம் கொடுக்க வேண்டியது ஏசி போடும் நேரத்தை அல்ல, ஆள் வரும் நேரத்தை. இந்த வசதிக்குக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, அதை அணைத்தே வைத்திருக்கும் கட்டடங்கள் ஏராளம்.

கட்டடத்தின் மந்தம் மாலையில் நமக்குச் சாதகமாகத் திரும்புகிறது. ஆறரைக்கு எல்லோரும் கிளம்புவார்கள் என்றால், ஆறு மணிக்கே சில்லரை நிறுத்திவிட்டு பம்பையும் விசிறியையும் மட்டும் ஓடவிடலாம். குழாய்களில் நிற்கும் குளிர்ந்த நீரும், நாள் முழுக்கக் குளிர்ந்த சுவர்களும் அந்த அரை மணியைத் தாங்கிக்கொள்ளும். அதிகம் மின்சாரம் தின்னும் இயந்திரம் சில்லர்தான். அதை நாள்தோறும் அரை மணி முன்னதாக நிறுத்துவதற்குப் புதிதாக எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை.

“நிறுத்தி நிறுத்திப் போட்டால்தான் கரண்ட் அதிகம் இழுக்கும், பேசாமல் ஓடட்டும்” என்பார் ஒருவர். ஒவ்வொரு அலுவலகத்திலும் இப்படி ஒருவர் உண்டு. திரும்பப் போட்ட முதல் அரை மணி மீட்டர் வேகமாக ஓடும் என்பதைக் கண்ணால் பார்த்திருப்பார், அதுவரை சரி. முழுக்கணக்குதான் தவறு. ஓட்டை விழுந்த தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி நிறைந்திருக்கும்போது கசிவு வேகம்; பாதிக்கு இறங்கினால் கசிவும் குறையும். இரவு முழுக்க நிரப்பிக்கொண்டே இருப்பதைவிட, இறங்கவிட்டுக் காலையில் நிரப்பினால் மொத்தத்தில் செலவாகும் தண்ணீர் குறைவு. வெப்பமும் அப்படித்தான். வெளியே 34 டிகிரி, உள்ளே 24 என்றால் இடைவெளி 10. உள்ளே 29 வரை ஏறவிட்டால் இடைவெளி 5. சுவர் வழியே நுழையும் வெப்பமும் ஏறக்குறைய பாதியாகிவிடும். நுழைந்த வெப்பத்தைத்தான் ஏசி வெளியேற்ற வேண்டும். நுழைந்ததே குறைவென்றால், வெளியேற்ற வேண்டியதும் குறைவு.

ஆனால் அந்த மனிதர் சொல்வதில் மூன்று இடங்களில் நியாயம் இருக்கிறது. டீ குடிக்கப் போகும் கால் மணிக்காக நிறுத்துவதில் லாபம் ஒன்றுமில்லை. இன்வெர்ட்டர் ஏசி நிதானமாக ஓடும்போதுதான் சிக்கனம். திரும்ப வந்து முழு வேகத்தில் விரட்டும்போது அந்தச் சிக்கனம் கரைந்துவிடும். இரண்டாவது, உயர் அழுத்த மின் இணைப்பு உள்ள கட்டடங்கள் யூனிட்டுக்கு மட்டுமல்லாமல், அந்த மாதம் பதிவான அதிகபட்ச மின்தேவைக்கும் (கேவிஏ) தனியாகக் கட்டணம் செலுத்துகின்றன. எட்டு மாடி ஏஹெச்யூவையும் இரண்டு சில்லர்களையும் காலை எட்டரைக்கு ஒரே மூச்சில் போட்டால் அந்த உச்சம் எகிறும். மாடிக்கு மாடி பத்து நிமிடம் தள்ளித் தொடங்குவதே இதற்கு மருந்து.

மூன்றாவது ஈரம். கடலோர ஊர்களில் இதுதான் தலையாய விஷயம். குளிர்நாட்டுப் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு சென்னைக்கு நேரம் குறிப்பவர்கள் சறுக்குவது இங்கேதான். சென்னைக் காற்று பல மாதங்களுக்கு எவ்வளவு ஈரமாக இருக்கிறதென்றால், 24 டிகிரிக்குச் சற்றுக் கீழே குளிர்ந்த எதன்மீது பட்டாலும் அது வியர்த்துவிடும். வெள்ளி இரவு ஏசியை நிறுத்துகிறோம். உள்ளே எல்லாம் குளிர்ந்திருக்கிறது. கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியே ஈரக்காற்று மெல்ல நுழைகிறது. கழிவறையின் காற்று வெளியேற்றும் விசிறியை யாரும் நிறுத்தவில்லையென்றால் மெல்லக்கூட இல்லை. அந்த விசிறி உள்காற்றை வெளியே தள்ளத் தள்ள, கட்டடம் வெளிக்காற்றை இடுக்கெல்லாம் வழியாக உறிஞ்சிக்கொள்ளும். கூரையில் உள்ள காற்றுத் துவாரத்தின் உலோகச் சட்டத்தில் முத்து முத்தாக நீர் கோக்கும். ஜிப்சம் பலகையில் கறுப்புப் புள்ளிகள் விழும். திங்கள் காலை கதவைத் திறந்ததும் பூஞ்சை வாடை வரும். “ஏசியை நிறுத்தியதால் வந்த வினை” என்று அந்த அட்டவணையையே தூக்கிக் கடாசிவிடுவார்கள்.

செய்ய வேண்டியது இது. வார இறுதியில் முற்றிலும் நிறுத்தாமல், அறை 28 டிகிரியையோ ஈரப்பதம் 65 சதவீதத்தையோ தாண்டினால் மட்டும் சிறிது நேரம் ஓடட்டும். புதுக்காற்று டேம்பர் இறுக்கமாக மூடியிருக்கட்டும். கழிவறை விசிறிகளையும் அதே அட்டவணையில் ஏற்றிவிட வேண்டும். இந்தக் கடைசி வேலையை எலக்ட்ரீஷியன் ஒருவர் ஒரே நாளில் முடித்துவிடுவார்.

குளிர்நாடுகளில் இதே கதை தலைகீழ். பிரிட்டனில் வாரம் ஒரு நாள் மட்டும் கூட்டம் சேரும் பழைய கல் தேவாலயங்களை நினைத்துப் பாருங்கள். ஞாயிறு காலை பிரார்த்தனைக்குச் சனிக்கிழமை இரவிலிருந்தே ஹீட்டரைப் போட வேண்டியிருக்கும். அத்தனை தடிமனான சுவர்கள். மற்ற ஆறு நாளும் அறவே அணைத்துவிடவும் முடியாது. குழாயில் தண்ணீர் உறையாத அளவுக்காவது சூடு இருக்க வேண்டும். சுவர் மிகவும் குளிர்ந்துபோனால், ஞாயிறன்று வருபவர்கள் விடும் மூச்சின் ஈரமே அதில் போய்ப் படியும். அங்கே உள்காற்றின் ஈரம் சுவரைத் தேடிப் போகிறது, இங்கே வெளிக்காற்றின் ஈரம் உள்ளே தேடி வருகிறது.

புதுக்காற்றைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆள் கணக்கை வைத்து மிச்சம் பிடிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. இருபது பேர் அமரும் ஐம்பது சதுர மீட்டர் மீட்டிங் ரூம் ஒன்று. ஓர் ஆள் சும்மா உட்கார்ந்து பேசினாலே அவர் உடலிலிருந்து 100 முதல் 130 வாட் வரை வெப்பம் வெளிவரும். இருபது பேருக்கு 2.6 கிலோவாட் வரை, அதாவது முக்கால் டன் ஏசி. இவர்கள் மூச்சு விட, உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் அமெரிக்க ஆஷ்ரே அமைப்பின் கணக்குப்படி ஆளுக்கு நொடிக்கு 2.5 லிட்டரும், தரைப்பரப்பில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 0.3 லிட்டரும் புதுக்காற்று வேண்டும். கூட்டினால் நொடிக்கு 65 லிட்டர். வெளியே 35 டிகிரி வெயிலும் 50 சதவீத ஈரப்பதமும் இருக்கும் பிற்பகலில், அந்த 65 லிட்டரை அறைக்கு ஏற்றபடி குளிர்வித்து உலர்த்த ஏறக்குறைய 2.3 கிலோவாட் குளிர்ச்சி செலவாகும். அதிலிருந்து பிழிந்தெடுக்கும் தண்ணீர் மட்டும் மணிக்கு 2 லிட்டர். ஏஹெச்யூ அறையின் வடிகுழாயில் விடாமல் சொட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் இந்த வெளிக்காற்றின் தண்ணீர்தான்.

ஆக, இருபது பேரின் உடல் வெப்பத்துக்கு ஆகும் செலவும், அவர்களுக்கான புதுக்காற்றுக்கு ஆகும் செலவும் ஏறக்குறைய ஒன்று. ஆள் இல்லாதபோது உடல் வெப்பம் தானாகவே இல்லாமல் போய்விடும். புதுக்காற்று அப்படிப் போகாது. யாராவது டேம்பரை மூடினால்தான் உண்டு. காலி அறைக்கு இருபது பேரின் மூச்சுக்காற்றை நாள் முழுக்க உலர்த்தி அனுப்பும் கட்டடங்களைப் பார்க்கும்போது, தெர்மோஸ்டாட்டை 24-லிருந்து 25-ஆக உயர்த்துவதா வேண்டாமா என்று நடக்கும் சண்டை சின்னதாகத் தெரிகிறது. அந்த ஒரு டிகிரியும் லேசுப்பட்டதல்ல. ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பிஇஇ. ஆனால் காலி அறைக்கு 25 டிகிரியும் வீண்தான்.

சரி, அறையில் ஆள் இருப்பதைக் கட்டடம் எப்படி அறிவது? அறைக்குள் நுழையாமலே அறையின் நிலையை அறியும் ஆசை பழையது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், வைட்வாட்டர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பாடம் நடத்தியவர் வாரன் ஜான்சன். குளிர்காலத்தில் வகுப்புக்கு நடுவே பள்ளியின் பராமரிப்பு ஊழியர் வந்து வந்து வெப்பமானியைப் பார்த்துவிட்டுப் போவது அவருக்குத் தொல்லையாக இருந்தது. அறை குளிர்ந்தால் கொதிகலன் அறையில் மணி அடிக்கும்படி ஒரு மின்கருவியைச் செய்து, 1883-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அறைத் தெர்மோஸ்டாட்டின் முன்னோடிகளில் ஒன்று அது. வெப்பத்தைத் தெரிந்துகொள்ளும் வேலை அன்றே முடிந்துவிட்டது. ஆளைத் தெரிந்துகொள்ளும் வேலைதான் இன்றைக்கும் முழுமையாக முடியவில்லை.

கூரையில் வெள்ளைக் குமிழ் போல ஒட்டியிருக்கும் பிஐஆர் சென்சார், நகரும் உடற்சூட்டை மட்டுமே பார்க்கும். மலிவு, கெட்டியானது, ஆனால் அசையாத ஆளைத் தெரியாது. தனியே அமர்ந்து கணினியில் மூழ்கியவரின் அறை திடீரென இருண்டு, அவர் கையைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டும் காட்சி எல்லா ஐடி அலுவலகங்களிலும் உண்டு. அதனால் கடைசி அசைவுக்குப் பிறகு 15, 20 நிமிடம் பொறுத்துத்தான் ‘காலி’ என்று முடிவெடுக்க வைப்பார்கள். மூச்சின் சிறு அசைவையும் பிடிக்கும் ரேடார் சென்சார்கள் இப்போது கிடைக்கின்றன, விலை கூட.

கார்பன் டை ஆக்சைடு சென்சார் வேறு ரகம். வெளிக்காற்றில் அது சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 420 பங்கு. நாம் விடும் மூச்சிலோ 40,000 அளவுக்கு இருக்கும். அறையில் ஆள் கூடக் கூட அளவு ஏறும். மியூனிக் நகரில் மாக்ஸ் பெட்டன்கோஃபர் 1858-லேயே இதைக் கொண்டு அறைக்காற்றின் தரத்தை அளந்து, 1,000 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்றார். அந்த எண் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. எத்தனை பேர் என்று தோராயமாகச் சொல்லும், யார் என்று சொல்லாது. கேமராவை வைத்துத் தலை எண்ணுவதைவிட எனக்கு இது பிடித்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். குறை என்னவென்றால், அளவு ஏறப் பத்து, பதினைந்து நிமிடம் பிடிக்கும். புதுக்காற்று டேம்பரை எவ்வளவு திறப்பது என்று முடிவெடுக்க அது அருமையான கருவி. ஏசியைப் போடவா வேண்டாமா என்று கேட்டால் தாமதமாகப் பதில் சொல்லும்.

ஹோட்டல்கள் சாவி அட்டையை நம்புகின்றன. அட்டையைச் செருகினால் கரண்ட், எடுத்தால் இல்லை. நம் ஆட்கள் பழைய விசிட்டிங் கார்டு ஒன்றைச் செருகிவிட்டு ஊர் சுற்றப் போய்விடுவார்கள். திரும்பி வரும்போது அறை ஜில்லென்று இருக்க வேண்டும் என்ற அவர்களின் ஆசையிலும் தப்பில்லை. அட்டை எடுத்ததும் அடியோடு நிறுத்தாமல் 27 டிகிரியில் தாங்கிப் பிடித்திருந்தால், அந்த விசிட்டிங் கார்டுக்குத் தேவையே இருந்திருக்காது.

மீட்டிங் ரூமுக்கு இன்னொரு சாட்சி, முன்பதிவு நாட்காட்டி. எல்லாச் சென்சார்களும் ‘இப்போது’ என்பதை மட்டுமே அறிந்தவை. நாட்காட்டி ஒன்றுதான் ‘இனிமேல்’ என்பதை அறியும். மந்தமான சுவருக்கு அதுதான் தேவை. ஆனால் நாட்காட்டி பொய் சொல்லும். வேலையை விட்டே போனவர் பதிந்துவைத்த செவ்வாய்க்கிழமைக் கூட்டம் ஆண்டுக்கணக்கில் அறையைப் பிடித்துவைத்திருக்கும்.

எனவே நான் சொல்லும் ஏற்பாடு இது: சுவரை அட்டவணை பார்த்துக்கொள்ளட்டும், காற்றைச் சென்சார் பார்த்துக்கொள்ளட்டும். பத்து மணிக் கூட்டத்துக்கு நாட்காட்டியின் பேச்சைக் கேட்டு அறை ஒன்பதரைக்கு 26 டிகிரி வரை வந்து காத்திருக்கும், புதுக்காற்று மூடியபடி. ஆள் நுழைந்ததைச் சென்சார் பார்த்ததும் டேம்பர் திறந்து 24-க்கு இறங்கும். சுவர் ஏற்கெனவே தயாராக இருப்பதால் அந்தக் கடைசி இரண்டு டிகிரி சீக்கிரம் நடந்துவிடும். கால் மணியில் யாரும் வரவில்லையென்றால் முன்பதிவும் ரத்து, குளிர்ச்சியும் ரத்து. திறந்தவெளி மேசைத் தளத்துக்கு இவ்வளவு நுணுக்கம் வேண்டாம். தளத்தை நான்கு பகுதியாகப் பிரித்து, வெள்ளிக்கிழமைகளில் இரண்டு பகுதிகளில் மட்டும் உட்காரச் சொன்னால் எந்தச் சென்சாரைவிடவும் அதிகம் மிச்சமாகும். ஆளைத் தேடி ஏசி அலைவதைவிட, ஆட்களை ஒரு பக்கமாக அழைத்துவிடுவது சுலபம். ஹெச்ஆர் ஒத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

எவ்வளவு கணக்குப் போட்டாலும், இரவு எட்டரைக்கு வெளிநாட்டுக் கிளையன்ட்டோடு பேச உட்காரும் ஆறு பேரை அட்டவணை எதிர்பார்த்திருக்காது. அவர்களுக்கு அறைச் சுவரிலேயே ஒரு பொத்தான் வேண்டும். அழுத்தினால் இரண்டு மணி நேரம் ஓடித் தானே நிற்க வேண்டும். பிஇஇ 2017-ல் வெளியிட்ட வணிகக் கட்டடங்களுக்கான எரிசக்தி விதித்தொகுப்பும் ஏறக்குறைய இதையே கேட்கிறது: வாரத்தில் மூன்று வகை நாள்களுக்குத் தனித்தனி நேரம் வைக்கும் வசதி, கையால் போட்டாலும் அதிகபட்சம் இரண்டு மணி நேரம். இந்தப் பொத்தான் இல்லாத கட்டடத்தில் ஊழியர்கள் நேரே ஆபரேட்டருக்கு போன் போடுவார்கள். அவர் ஏஹெச்யூ அறைக்குப் போய், ஸ்டார்ட்டர் பேனலில் உள்ள திருகு சுவிட்சை ‘ஆட்டோ’விலிருந்து ‘மேனுவல்’ பக்கம் திருப்பிவிடுவார். கூட்டம் முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். சுவிட்ச் மட்டும் அப்படியே இருக்கும், மாதக்கணக்கில். பிஎம்எஸ் திரை அந்த மாடி அணைந்திருப்பதாகப் பச்சையாகக் காட்டிக்கொண்டிருக்க, விசிறி இரவெல்லாம் ஓடும்.

எனவே உங்கள் கட்டடத்துக்குச் சென்சார் விற்க யாராவது வந்தால், விலை கேட்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆபரேட்டரைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு மாடி ஏஹெச்யூ அறைக்குள்ளும் போய் அந்தச் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். அப்படியே பொங்கல் விடுமுறை அட்டவணையில் ஏறியிருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.